கொப்பளிக்க ஒரு கொலை

செல்போன் அடித்தது.

யாரும் எடுக்கவில்லை.

எடுக்க வேண்டியவர் பனமரத்துப்பட்டி ஏரிக்கரையில் குப்புறக் கிடந்தார்... முகம் தண்ணீருக்குள்!

கரையில் நின்றிருந்த ஸ்கூட்டரின் முன்பெட்டிக்குள் இருந்து அந்தப் போன் விடாமல் கத்தியது. ஆடு மேய்க்க வந்தவர்கள், வேலைக்குக் கிளம்பியவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். பிணத்தைப் பார்த்தார்கள். ஸ்கூட்டரைப் பார்த்தார்கள். மறுபடி பிணத்தைப் பார்த்தார்கள்.

இன்ஸ்பெக்டர் ரஞ்சிதா கையுறையை மாட்டிக்கொண்டு போனை எடுத்தாள்.

'ஹலோ' சொல்வதற்குள் ஒரு பெண் குரல் வெடித்தது.

"டாக்டர்! செத்துடுச்சு! அத்தனையும் செத்துடுச்சு! ஒண்ணு கூட மிச்சமில்ல!"

ரஞ்சிதா போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தாள்.

"யாரும்மா நீ? யார் செத்தது?"

"டாக்டர் குருமூர்த்தி... இல்லீங்களா?"

"இன்ஸ்பெக்டர் பேசறேன். அங்க எத்தனை பேர் செத்திருக்காங்க?"

"ஒரு லட்சத்துக்கு மேல இருக்கும்ங்க."

பக்கத்தில் நின்ற ஏட்டு பொன்னன் வாயில் இருந்த டீயைத் துப்பிவிட்டார்.

"என்னது!"

"செல்லுங்க மேடம்! கண்ணுக்குத் தெரியாத செல்லு. நான் சேலத்துல ஒரு லேப்ல வேலை பாக்கறேன். பேரு அறிவுச்செல்வி. டாக்டர்கிட்ட போனைக் குடுங்களேன். அவசரம்."

ரஞ்சிதா திரும்பிப் பார்த்தாள். உடலைப் புரட்டிப் போட்டிருந்தார்கள். தாடையில் நரைத்த குறுந்தாடி. பின்மண்டையில் ஒரு பிளவு. தண்ணீர் ரத்தத்தைக் கழுவியிருந்தது. காயத்தைக் கழுவவில்லை.

"டாக்டர் இனிமே பேச மாட்டாரும்மா."

மறுமுனையில் ஏதோ கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது.

* * *

சேலம் ஜங்ஷன் போகும் ரோட்டில், ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்தத் தனியார் பரிசோதனைக்கூடம்.

அறிவுச்செல்விக்கு முப்பது வயது இருக்கலாம். வெள்ளைக் கோட்டு. அழுது முடித்த கண்கள்... ஆனால் குரலில் அழுகை இல்லை.

"வழுக்கி விழுந்துட்டார்னு யாராச்சும் சொல்லுவாங்க மேடம். அப்படி எழுதிடாதீங்க. அவரைக் கொன்னுட்டாங்க."

"நானும் அதான் சொல்றேன். பின்னாடி இருந்து அடிச்சிருக்காங்க. அப்புறம்தான் தண்ணியில தள்ளியிருக்காங்க. யாருன்னு சொல்லு."

"யாருன்னு தெரியாது. எதுக்குன்னு தெரியும்."

மேஜை மேல் ஒரு பாட்டிலை வைத்தாள். பச்சைத் திரவம். மூடியில் கிராம்புப் படம்.

'கிராம்புத்துளி மவுத்வாஷ்... ஒரே கொப்பளிப்பில் ஊரே மணக்கும்!'

"எங்க வீட்லயும் இதான்" என்ற பொன்னன், சொன்ன வாயைச் சட்டென்று மூடிக்கொண்டார்.

"எடப்பாடியில பல் டாக்டர் அவரு. தறி ஓட்டறவங்க, தோட்டத்து வேலைக்குப் போறவங்க... ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா வந்திருக்காங்க. ஈறு வெந்து தோல் உரிஞ்சிருக்கு. கண்ணாத்தாள்னு ஒரு அம்மா... சோறு மெல்ல முடியல. கஞ்சியை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சிக் குடிக்குது. எல்லார் வீட்லயும் இந்தப் பாட்டில். டாக்டர் அதைத் தூக்கிட்டு நேரா எங்கிட்ட வந்தார்."

"நீ என்ன பண்ணின?"

"நம்ம ஈறு, தோலு எல்லாத்தையும் சேத்துப் பிடிச்சு வச்சிருக்கிற செல் ஒண்ணு இருக்கு மேடம். இணைப்புத் திசு செல். வாயில புண்ணு வந்தா ஆத்தறதும் அதுதான். அதைத் தட்டுல வளக்கறோம். மவுத்வாஷை ஊத்தி, கொப்பளிக்கிற நேரம் விட்டு, கழுவிடறோம். அப்புறம் ஒரு மஞ்சள் சாயம். உயிரோட இருக்கிற செல் அதை ஊதாவா மாத்தும். செத்த செல்லு மாத்தாது."

"ஊதான்னா உயிர். மஞ்சள்னா சாவு."

"அவ்வளவுதான். ஆனா ஒண்ணு... எந்த மவுத்வாஷை ஊத்தினாலும் கொஞ்சம் செல் சாகத்தான் செய்யும். தட்டு வேற, வாய் வேற. வாயில எச்சில் இருக்கு, மேல்தோல் இருக்கு. தட்டுல அதெல்லாம் கிடையாது. அதனால கடையில விக்கிற மத்த மவுத்வாஷையும் பக்கத்துல வச்சுப் பாத்தேன். அதுல எல்லாம் பாதிக்கு மேல பொழைச்சுது. இதுல..."

ஒரு தட்டை நகர்த்தினாள். சின்னச் சின்னக் குழிகள் வரிசை வரிசையாக.

அத்தனையும் மஞ்சள்!

"தண்ணி கலந்து ஊத்தினேன். அப்பவும் மஞ்சள். இன்னும் கலந்தேன். அப்பவும் மஞ்சள். அதைச் சொல்லத்தான் டாக்டருக்குப் போன் போட்டேன்."

ரஞ்சிதா நுண்ணோக்கியில் குனிந்தாள். வேறொரு தட்டு அதில் இருந்தது. நீளநீளமாக, இரண்டு பக்கமும் கூராக, மீன்குஞ்சுகள் கூட்டமாக ஒரே திசையில் போவதுபோல் ஏதோ தெரிந்தது.

"இதெல்லாம் உயிரோட இருக்கா?"

"இருக்கு."

"எலியோட செல்லா?"



"டாக்டரோடதுங்க."

ரஞ்சிதா நிமிர்ந்தாள்.

"போன வருஷம் அவருக்குக் கடைவாய்ப் பல்லு எடுத்தாங்க. அதோட வந்த ஈறைத் துளியூண்டு ஐஸ்ல வச்சுக் கொண்டாந்து குடுத்தார். 'ஊரான் பல்லையே புடுங்கிட்டு இருக்கேன், என்னோடதும் எதுக்காச்சும் ஆகட்டும்'னு சிரிச்சார். அதுல இருந்து வளத்தது. ஆள் போயிட்டார் மேடம்... அவர் செல்லு இன்னும் பெருகிட்டிருக்கு."

இப்போதுதான் அவள் குரல் உடைந்தது. கோட்டுக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"விட மாட்டேன் மேடம்."

* * *

கதவு படாரென்று திறந்தது.

முதலில் வந்தவர் பரிசோதனைக்கூடத்தின் தலைவர் சந்திரசேகர். நெற்றி முழுக்க வேர்வை.

"அறிவு... கிராம்புத்துளி முதலாளி வந்திருக்கார். நான்தான் முறைப்படி தகவல் சொன்னேன். கொஞ்சம் பக்குவமா..."

அவரைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார் மருதாசலம். திருச்செங்கோட்டுக்காரர். ஆறடி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஒரு காலத்தில் ரிக் லாரி ஓட்டி நாடு முழுக்க போர்வெல் தோண்டிய கை... இப்போதும் உலக்கை மாதிரி இருந்தது.

"ஏனுங்க அம்மிணி... என்ற சரக்கை வெசம்னு சொன்னீங்களாமா?"

"செல்லு செத்துதுன்னு சொன்னேங்க."

"பாறையையே பொத்துத் தண்ணி கொண்டாந்தவன் நானு! உன்ற பிளாஸ்டிக் தட்டு எனக்கு எம்மாத்திரம்?"

"பாறைக்கு வலிக்காதுங்க. கண்ணாத்தாளுக்கு வலிக்குது."

"ஆரு கண்ணாத்தா?"

"உங்க பாட்டிலை வாங்கின அம்மா."

சந்திரசேகர் நடுவில் புகுந்தார். "அறிவு, எதுக்கு வம்பு? 'பாதுகாப்பானது'ன்னு ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுடு. லேபை நடத்தணும்ல?"

"மாட்டேன் சார்."

"நான் சொல்றேன்!"

"நீங்க சொல்றீங்க. தட்டு சொல்லலையே! வேணும்னா உங்க பேரைப் போட்டு நீங்களே எழுதிக்குங்க. என் கை அதுல படாது. வேலையை விட்டு அனுப்பணும்னா இப்பவே அனுப்புங்க. கீழ டயர் கடை வாசல்ல மேஜை போட்டு ஒக்காந்து, வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் இந்த மஞ்சளைக் காட்டுவேன்!"

மருதாசலத்தின் முகம் சிவந்தது. பின்னால் இருந்து ஒரு மெல்லிய கை அவர் தோளைத் தொட்டது.

"மாமா... ஊட்டுக்குப் போலாங்க. பொம்பளப் புள்ளைகிட்டப் போயி எதுக்குங்க சத்தம்?"

சரவணக்குமார். மருதாசலத்தின் அக்கா மகன், மாப்பிள்ளையும் அவன்தான். தாய் தகப்பன் இல்லாத பிள்ளையைத் தூக்கி வளர்த்து, மகளைக் கட்டிக்கொடுத்து, மவுத்வாஷ் ஃபேக்டரியையும் கையில் ஒப்படைத்திருந்தார் மருதாசலம். தங்க ஃபிரேம் கண்ணாடி. குரல் உயராத மனிதன்.

"தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். மாமாவுக்கு கோவம் வந்தா இப்படித்தான்" என்று அறிவுச்செல்வியைப் பார்த்துச் சிரித்தான்.

"நீ அக்கட்டால போ மாப்ளே!" மருதாசலம் கையை உதறினார். "இங்க பாரு அம்மிணி. எனக்கு ஆரு கையெழுத்தும் வேண்டாம். எந்தக் கடையில வேணாலும் என்ற பாட்டிலை வாங்கு. நாளைக்கு என்ற கண்ணு முன்னால ஊத்து. ஊதாவா வரலீன்னா ஃபேக்டரியை நானே சாத்தறேன். வந்துச்சுன்னா... நீ இந்த ஜில்லாவுலயே இருக்கப்படாது!"

"நாளைக்குக் காலையில வாங்க. டிபன் சாப்பிட்டுட்டு வாங்க. சாயம் ஏற மத்தியானம் ஆயிடும்."

மருதாசலம் ஒரு நொடி அசந்துபோனார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படி இறங்கினார்.

ரஞ்சிதா பொன்னனை அனுப்பிக் கடையில் ஒரு பாட்டில் வாங்கி வரச் செய்தாள். சீலோடு குளிர்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். அதற்கு இரண்டு சாவிகள். ஒன்று அறிவுச்செல்வியிடம். ஒன்று சந்திரசேகரிடம்.

அவர் வீட்டுக்குக் கிளம்பிப் போனதும் ரஞ்சிதா குரலைத் தாழ்த்தினாள்.

"ஏரிக்குப் போற ரோட்டுல ஒரு பெட்டிக்கடை கேமராவுல டாக்டர் ஸ்கூட்டர் போறது தெரியுது. பின்னாடியே ஒரு வெள்ளைக் கார். யாரோட காரு தெரியுமா?"

"மருதாசலமா?"

"அவர் பேர்லதான் இருக்கு. ஓட்டறவன் மூஞ்சி தெரியல. காரை மட்டும் வச்சு ஒருத்தரை உள்ள தள்ள முடியாது. வக்கீல் வந்து ஒரே ஊதுல ஊதிடுவான்."

அப்போது அறிவுச்செல்வியின் போன் அடித்தது. தெரியாத எண்.

வாயைத் துணியால் பொத்திப் பேசும் குரல்.

"டாக்டரு ஏரியில குளிச்சாரு. நீ எங்க குளிக்கப் போற?"

ரஞ்சிதா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிச் சைகை காட்டினாள். அறிவுச்செல்வி ஸ்பீக்கரைப் போட்டாள். குரல் நடுங்கவில்லை.

"நான் காலையிலயே குளிச்சுட்டேன். நீ முதல்ல மூஞ்சியைக் கழுவிட்டு நேர்ல வந்து பேசு!"

லைன் துண்டிக்கப்பட்டது.

"சபாஷ்!" என்றாள் ரஞ்சிதா.

"சபாஷெல்லாம் அப்புறம் மேடம். கால் ரெண்டும் வெடவெடங்குது, ஒக்காந்துக்கறேன்." ஸ்டூலில் சாய்ந்தவள், கொஞ்ச நேரம் குளிர்பெட்டியையே வெறித்தாள். "மேடம்... டாக்டர் பாட்டில் குடுத்த விஷயம் எங்க லேபுக்குள்ளதான் தெரியும். அதை சாரே கம்பெனிக்குச் சொல்லிட்டார், இன்னொரு சாவியும் அவர்கிட்டதான். இந்தப் பெட்டியை நம்பி நான் வீட்டுக்குப் போக முடியாது."

"காவலுக்கு ஆள் போடறேன்."

"வேண்டாம். காவல் போட்டா திருடன் வர மாட்டான். வரட்டும்."

அவள் எழுந்து ரஞ்சிதாவின் காதருகே ஏதோ சொன்னாள்.

ரஞ்சிதாவின் புருவம் ஏறியது. பிறகு சிரித்துவிட்டாள்.

"போலீஸ் வேலைக்கு வந்திருக்கணும் நீ!"

* * *

மறுநாள்.

மருதாசலம் சொன்னபடி வந்தார். சரவணக்குமாரும் கூடவே வந்தான். சந்திரசேகர் ஓரமாக நின்று விரல்களைச் சொடுக்கிக்கொண்டிருந்தார். ரஞ்சிதா கதவருகே. பொன்னன் வாசலில்.

குளிர்பெட்டி திறந்தது. பாட்டில் வெளியே வந்தது.

"எல்லாரும் பாத்துக்குங்க" என்றாள் அறிவுச்செல்வி. "ஒரு வரிசைக்கு வெறும் உப்புத் தண்ணி. இன்னொரு வரிசைக்கு இந்தப் பாட்டில்ல இருக்கறது. ரெண்டுலயும் ஒரே ஆளோட செல்லு."

"ஆரோடதுங்க?" என்றார் மருதாசலம்.

"டாக்டர் குருமூர்த்தியோடது."

சரவணக்குமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

அறிவுச்செல்வி சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். கழுவினாள். மஞ்சள் சாயத்தை விட்டாள். தட்டை வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். சாத்துமுன், யாருக்கும் கேட்காத குரலில் முணுமுணுத்தாள்.

"டாக்டர்... கொஞ்சம் பொறுத்துக்குங்க."

காத்திருந்தார்கள்.

கீழே ரோட்டில் லாரிகள் உறுமின. பொன்னன் இரண்டு தடவை டீ வாங்கி வந்தார். யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை.

உச்சி வெயில் ஜன்னலில் இறங்கியபோது அறிவுச்செல்வி தட்டை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

உப்புத் தண்ணீர் வரிசை... ஊதா.

பாட்டில் வரிசை...

அதுவும் ஊதா!

கத்தரிப்பூ நிறத்தில் பளபளவென்று ஊதா!

மருதாசலம் மேஜையை ஓங்கித் தட்டினார். சிரிஞ்சுகள் குதித்தன.

"பாத்தியா! பாத்தியா அம்மிணி! ஒரு செல்லாவது செத்துச்சா? பொட்டியைக் கட்டு!"

"வாழ்த்துகள் சார்" என்று ஓடிவந்தார் சந்திரசேகர். "அறிவு, சார்கிட்ட மன்னிப்புக் கேளு."

அறிவுச்செல்வி கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

"கேக்கறேன் சார். முதல்ல ஒரு கேள்வி கேட்டுக்கறேன். இந்தப் பாட்டில்ல இருந்தது என்ன?"

"என்ன கேள்வி இது? கிராம்புத்துளி!"

"இல்ல சார்."

"இல்லையா?"

"நேத்து சாயந்திரம் இன்ஸ்பெக்டர் மேடம் முன்னாடி அந்தச் சீலை உடைச்சேன். உள்ள இருந்ததைத் தனியா எடுத்து வச்சுட்டேன். அதுக்குப் பதிலா ஒரு சோப்பு மருந்தை ஊத்தினேன். பச்சைக் கலர் கலந்து, சீலைத் திரும்ப ஒட்டி வச்சேன். அது என்ன மருந்து தெரியுங்களா? செல்லைக் கொல்றதுக்குன்னே வச்சிருக்கறது! எங்க தட்டு ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாக்க அதைத்தான் ஊத்துவோம். ஒண்ணு கூடத் தப்பிக்காது. இந்த வரிசை பூரா மஞ்சளா வந்திருக்கணும் சார்... எப்படி ஊதா ஆச்சு?"



ரஞ்சிதா கதவை விட்டு முன்னால் வந்தாள்.

"நான் எத்தனையோ கேஸ் பாத்திருக்கேன். செத்தவனைக் காட்டி, 'யார்டா கொன்னது'ன்னு கேட்டிருக்கேன். வாழ்க்கையில முதல் தடவையா மாத்திக் கேக்கறேன்... சாக வேண்டியதை எல்லாம் யாருய்யா காப்பாத்தினது?"

சந்திரசேகர் சுவரோரம் பின்வாங்கினார்.

"குளிர்பெட்டிக்கு ரெண்டு சாவி. அறிவோட சாவி நேத்து சாயந்திரத்துல இருந்து என் பையில இருக்கு. இன்னொண்ணு?"

"மே... மேடம்..."

"இன்னொண்ணு எங்க சார்?"

சந்திரசேகர் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தார்.

"போன் வந்துதுங்க. கம்பெனியில இருந்து பேசறோம்னு சொன்னாங்க. பேரு சொல்லல. உன் கார்ல ஒரு பாட்டில் வச்சிருக்கோம், அதைக் கொண்டுபோய் மாத்தி வச்சிடு, இல்லேன்னா டாக்டர் போன எடத்துக்கே நீயும் போவேன்னாங்க. வெறும் பச்சைத் தண்ணிங்க அது... பயந்துட்டேன்... கொலையெல்லாம் எனக்குத் தெரியாதுங்க!"

"யாரோட ஆளு பேசினது?"

"முதலாளி சொன்னதுன்னு மட்டும்தான்..."

ரஞ்சிதா மெல்லத் திரும்பினாள்.

"முதலாளி... ஏரி ரோட்டுல டாக்டர் பின்னாடியே போனது உங்க கார். பாட்டிலை மாத்தச் சொன்னது உங்க கம்பெனி. ஜீப் கீழ நிக்குது. போலாமா?"

மருதாசலம் அவளையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பெரிய உடம்பு தடுமாறியது. பிறகு நிமிர்ந்தது.

"காரு என்றதுதானுங்க. சாவி ஊட்டுச் செவுத்துல தொங்கும். ஆனா நானு அந்த ஏரிப் பக்கமே போவல. போனும் பண்ணல. என்ற சரக்கு சுத்தம்னு தெரிஞ்சவனுக்கு அதை மாத்தி வைக்க என்ன தலைவிதிங்க?"

"சுத்தமா?"

"கிராம்பும் நானே பாத்து எடுத்தது, கலக்கற கணக்கும் நானே போட்டுக் குடுத்தது. சுத்தமுங்க!"

ரஞ்சிதா கைப்பைக்குள் இருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். பிரிக்காத சீல்.

"வர்ற வழியில அம்மாபேட்டையில வாங்கினது. உங்க சரக்குதான். கொப்பளிச்சுக் காட்டறீங்களா?"

"குடுங்க இங்க!"

"வேண்டாங்க!" அறிவுச்செல்வி பதறி முன்னால் வந்தாள். "மேடம், இது தப்பு. ஒரு மனுஷனை வச்சு இதைப் பாக்கக் கூடாது. அதுக்குத்தானே நாங்க தட்டுல செல்லை வளக்கறோம்!"

"நீ தள்ளு அம்மிணி. என்ற மானம் இது!"

பிடுங்கினார். சீலைப் பல்லால் கடித்துத் துப்பினார். மூடியைத் திருகினார். பாட்டிலை அப்படியே வாய்க்குக் கொண்டுபோனார்...

"மாமா!"

ஒரு அலறல்!

சரவணக்குமார் பாய்ந்தான். பாட்டிலை ஓங்கித் தட்டினான். பச்சைத் திரவம் சிதறிப் பாதி அவன் முகத்திலேயே அடித்தது.

"வாயில வச்சுறாதீங்க மாமா! வெந்து போயிரும்!"

பாட்டில் தரையில் உருண்டு சுவரில் மோதி நின்றது.

எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

மருதாசலத்தின் கை இன்னும் வாயருகிலேயே இருந்தது. காலி கை.

"வேகும்னு... உனக்கெப்படித் தெரியும் மாப்ளே?"

சரவணக்குமாரின் கண்ணாடியில் பச்சையாக வழிந்தது. அவன் சட்டென்று கதவை நோக்கி ஓடினான்.

அறிவுச்செல்வி குறுக்கே நின்றாள்.

"தள்ளு!"

"மாட்டேன்."

"தள்ளுடி!"

"போன்லயும் இதே குரல்தான்! துணியில்லாம நல்லாத் தெளிவா இருக்கு!"

அவன் கை ஓங்கினான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் கதவுநிலையைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை.

அடி விழவில்லை.

ஓங்கிய கையைப் பின்னாலிருந்து பிடித்திருந்தது ஓர் உலக்கைக் கை.

"எதுக்குடா?" மருதாசலத்தின் குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது போலிருந்தது. "எதுக்குடா சாமி?"

சரவணக்குமாரின் உடம்பு தளர்ந்தது.

"ஃபேக்டரியை நீங்க கையில குடுத்தீங்க. லாபம் காட்டோணும்னு நெனச்சேன் மாமா. சாயப்பட்டறையில துணி நனைய ஊத்தற மருந்து... சல்லிசாக் கெடைச்சுது. நுரை நல்லா வந்துச்சு. கிராம்பு வாசத்துல ஒண்ணும் தெரியல. அந்த டாக்டரு ஃபேக்டரிக்குப் போன் போட்டு, உங்ககிட்டப் பேசோணும்னாரு. நான்தான் எடுத்தேன். ஏரிக்கரைக்கு வாங்க, பேசிக்கலாம்னு சொன்னேன். கெஞ்சினேன் மாமா. கேக்கல. 'உன்ற மாமன்கிட்டயே நேர்ல போய்ச் சொல்றேன்'னு வண்டியைப் பாத்துத் திரும்பினாரு... காருல கம்பி இருந்துச்சு..."

"அதுல நானுமில்ல கொப்பளிச்சிருப்பேன்?"

"நம்ம ஊட்டுக்குத் தனியா வச்சிருந்தேன் மாமா. பழைய சரக்கு. நல்லது."

மருதாசலம் அவன் கையை விட்டார். சூடுபட்டதுபோல விட்டார். ஸ்டூலில் உட்கார்ந்தார். ஸ்டூல் முனகியது.

பொன்னன் விலங்கை மாட்டினார்.

ரஞ்சிதா சரவணக்குமார் பக்கம் திரும்பினாள்.

"நேத்தே உங்க மாமனை அரெஸ்ட் பண்ணத்தான் நெனச்சேன். கொஞ்ச நேரம் முன்ன வரைக்கும் அவர் மேலதான் சந்தேகம். நீ கையைக் கட்டிக்கிட்டு சும்மா நின்னிருந்தா அவர்தான் ஜீப்புல ஏறியிருப்பார்."

அவன் தலை நிமிரவில்லை.

"அவரு என்னைத் தூக்கி வளத்தவருங்க" என்றான்.

மருதாசலத்தின் தோள்கள் குலுங்கின. யாரும் அவர் பக்கம் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு அறிவுச்செல்வியைப் பார்த்தார்.

"அம்மிணி... கடையில இருக்கிற அத்தனை பாட்டிலையும் இன்னிக்கே திருப்பி எடுக்கச் சொல்றேன். அந்த எடப்பாடி அம்மா ஊட்டுக்கும் நானே போறேன். நீ என்ன எழுதோணுமோ எழுது. நானு குறுக்க வர மாட்டேன்."

"நீங்க குறுக்க வந்திருந்தாலும் எழுதியிருப்பேங்க" என்றாள் அறிவுச்செல்வி. கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் குழையவும் இல்லை. "நேத்து எடுத்து வச்ச உங்க நிஜ சரக்கு பத்திரமா இருக்கு. இன்னிக்கு அதை ஊத்தறேன். இருந்து பாத்துட்டுப் போங்க."

மருதாசலம் தலையாட்டினார். எழுந்திருக்கவில்லை.

அறிவுச்செல்வி புதுத் தட்டை எடுக்கப் போனாள்.

கீழே ஜீப்பில் ஏற்றும்போது சரவணக்குமார் முகத்தைச் சுளித்தான். உதடு சிவந்து தடித்திருந்தது. சிதறியதில் கொஞ்சம் அவன் வாய்க்குள்ளும் போயிருந்தது.

"மேடம்... எரியுதுங்க. தண்ணி குடுங்க. வாய் கொப்பளிச்சுக்கறேன்."

ரஞ்சிதா தன்னுடைய தண்ணீர் பாட்டிலையே நீட்டினாள். அவன் கொப்பளித்துத் துப்பினான். மறுபடி கொப்பளித்தான். மறுபடி துப்பினான்.

பாட்டில் காலியானதும் அவள் ஜீப்பின் கதவைச் சாத்தினாள்.

"கொப்பளிச்சது போதும் தம்பி... ஸ்டேஷனுக்கு வந்து கக்கு!"